இளம் போர்பனைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்க மதுக்கடைகளில் கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு புது வகைப் புட்டி இடம்பிடித்திருக்கிறது. குட்டையான, கனத்த கண்ணாடி, கழுத்தில் மெழுகு, கையால் எழுதியது போன்ற லேபிள். பின்பக்கத்தில், மதுவிலக்குக் காலத்தில் கொள்ளுத்தாத்தா காட்டுக்குள் ஒளிந்து காய்ச்சிய கதை. விலை மட்டும் பக்கத்தில் நிற்கும் கென்டக்கி மாநிலத்துப் பெரிய ஆலைச் சரக்கைவிடக் கூடுதல். உள்ளே இருப்பதோ ஒன்றரை, இரண்டு வயதுப் போர்பன், அதாவது பீப்பாயில் அவ்வளவு காலமே இருந்த, மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி.

இதை முதன்முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் "தொண்டையை அறுக்கிறது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால், சிறு ஆலையில் செய்தது என்பதற்காகவே தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாலும் பயனில்லை. இளம் விஸ்கியில் தானியம் தந்தது எது, வடிகலன் தந்தது எது, பீப்பாய் தந்தது எது என்று ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம். எட்டு, பத்து ஆண்டு முதிர்ந்ததில் அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டிருக்கும். அதனால் சுவைக்கக் கற்றுக்கொள்பவருக்கு இளம் போர்பன் நல்ல பாடம். சில சமயம் முதிர்ந்ததைவிட நல்ல பாடம்.

லேபிளில் தொடங்குங்கள்

போர்பன் என்று பெயர் போட அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் போகாமல் வடிக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் கலத்தில், 62.5 சதவீதத்துக்கு மிகாமல் ஊற்றி வைக்க வேண்டும். புட்டியில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று விதி இல்லை. அமெரிக்காவில் எங்கு செய்தாலும் போர்பன்தான்.

குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சில மாதங்கள் மட்டும் பீப்பாயில் இருந்ததையும் போர்பன் என்று விற்கலாம். 'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்று இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 4 ஆண்டுக்குக் குறைவான எந்த விஸ்கியும் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். முன்பக்கத்தில் தேடாதீர்கள்; அங்கே குதிரையோ செப்பு வடிகலனோதான் இருக்கும். பின்பக்கத்தின் பொடி எழுத்தில், அரசின் எச்சரிக்கை வாசகத்துக்குப் பக்கத்தில் பாருங்கள்.

அதே பொடி எழுத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'டிஸ்டில்ட் பை' என்று ஆலையின் பெயர் இருந்தால் அவர்களே வடித்தது. 'பாட்டில்ட் பை', 'ப்ரொட்யூஸ்ட் பை' என்று மட்டும் இருந்தால், வேறெங்கோ வடித்ததை வாங்கி அடைத்ததாக இருக்கலாம். இண்டியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரு பெரிய ஆலை இப்படிப் பல பெயர்களுக்குச் சரக்கு வடித்துக் கொடுக்கிறது. அதில் தப்பொன்றும் இல்லை, அந்தச் சரக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு சிறு ஆலையின் கைவண்ணத்தை அறிய வேண்டும் என்று வாங்குகிறவருக்கு அது ஏமாற்றம்தான். 'கிராஃப்ட்', 'ஸ்மால் பேட்ச்' என்ற சொற்களுக்கு அமெரிக்க லேபிள் சட்டத்தில் வரையறை கிடையாது. அவற்றை அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ப்ரூஃப். அமெரிக்கக் கணக்கில் ப்ரூஃபைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். 92 ப்ரூஃப் என்றால் 46. 120 ப்ரூஃப் என்றால் 60. அதைத் தண்ணீர் இல்லாமல் அணுகுவது வீண் வீரம்.

நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கென்டக்கியின் பெரிய ஆலைகள் 53 கேலன், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் பீப்பாய்களைப் பயன்படுத்துகின்றன. கையில் முதலீடு குறைந்த சிறு ஆலையால் நான்கைந்து ஆண்டுகள் வருமானம் இல்லாமல் காத்திருக்க முடியாது. அதனால் பலர் 5 கேலன், 10 கேலன் பீப்பாய்களில் தொடங்கினார்கள். 5 கேலன் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் பெரிய பீப்பாயைவிட இருமடங்குக்கும் சற்று அதிகமான மரப்பரப்பு கிடைக்கிறது. சாறு வேகமாக இறங்குகிறது. ஒரே ஆண்டில் ஆறு வயது விஸ்கியின் நிறம் வந்துவிடுகிறது.

நிறம் வருகிறது, மற்றது? தேநீரில் தூளை அள்ளிப் போட்டால் நிறமும் துவர்ப்பும் நொடியில் இறங்குவது போலத்தான் இதுவும். பீப்பாயில் நடப்பது மரச்சாறு இறங்குவது மட்டும் அல்ல. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்ல உள்ளே வருகிறது. அமிலங்களும் ஆல்கஹாலும் சேர்ந்து பழமணம் தரும் எஸ்டர்களாகின்றன. கோடையில் திரவம் விரிந்து மரத்துக்குள் புகுந்து, குளிரில் வெளியேறுகிறது. கருக்கிய அடுக்கு கந்தகச் சேர்மங்களை இழுத்துக்கொள்கிறது. இவற்றில் சிலவற்றைப் பீப்பாயைச் சிறிதாக்கி விரைவுபடுத்தலாம். சிலவற்றுக்கு வருடங்கள்தான் வேண்டும்.

கென்டக்கியின் பஃபலோ ட்ரேஸ் ஆலை இதைச் சோதித்தே பார்த்தது. 2006-இல் 5, 10, 15 கேலன் பீப்பாய்களில் போர்பனை ஊற்றி வைத்து, 2012-இல் சோதனை தோற்றுவிட்டது என்று அறிவித்தது. சிறிய பீப்பாய் வேகமாக முதிர்ந்தது உண்மை; ஆனால் முதிர்ச்சியில் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டது போல, எதிர்பார்த்த ஆழம் வரவே இல்லை என்பது அவர்கள் முடிவு. பெரிய ஆலை சிறியவர்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டாம்தான். ஆனாலும் சிறு பீப்பாய்ப் போர்பனை நாக்கில் வைத்தால் அந்தத் தாண்டிய படி தட்டுப்படத்தான் செய்கிறது.

மறுபக்கமும் உண்டு. நியூயார்க் மாநிலம் கார்டினரில் 2003-இல் தொடங்கிய டுதில்டவுன் ஆலை, ஹட்சன் பேபி போர்பன் என்ற பெயரில் சிறு பீப்பாய்ச் சரக்கை விற்றது. முழுக்க மக்காச்சோளம். பீப்பாய்களைக் குலுக்குவதற்காகக் கிடங்கில் ஒலிபெருக்கி வைத்து, அடிநாதம் அதிர இசை போட்டார்கள். இசையால் எவ்வளவு பலன் என்று கேட்டால் நான் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவேன். ஆனால் அந்தப் போர்பன், வயதானதைப் போல நடிக்காமல் மக்காச்சோளத்தை முன்னால் நிறுத்தியது. 2010-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிராண்ட் நிறுவனம் அந்தப் பெயரையே விலைக்கு வாங்கியது. டெக்சஸின் ஹை என்ற சிற்றூரில் இருக்கும் கேரிசன் பிரதர்ஸ் போன்ற ஆலைகளில் கணக்கு வேறு. அங்குள்ள வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மரம் ஆழமாக இறங்கிவிடும், ஆவியாகிப் போகும் பங்கும் அதிகம். ஆக, வயது எண்ணை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எண், பீப்பாய் அளவு, ஊரின் வெப்பம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மேசையில் என்ன வேண்டும்

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் நல்லது. கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. இல்லையென்றால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். கனத்த அடியுள்ள அகலமான டம்ளரில் மணம் சிதறிவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் சாதாரணத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி, இங்க் ஃபில்லர் போன்ற ஒன்று, உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டி. துப்புவதற்கு ஒரு குவளை. ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தை அடைத்துவிடும். ஊதுபத்தி, தாளிப்பு, வாசனைத் தைலம் எதுவும் அந்த நேரத்தில் வீட்டில் வேண்டாம்.

ஒரு கிளாஸுக்கு 15 மில்லி போதும். ஆலையின் சுவைக்கூடத்துக்கே போவதென்றால் வண்டி ஓட்ட வேறொருவர் இருக்கட்டும். அங்கே 21 வயது ஆகாதவருக்கு ஊற்ற மாட்டார்கள்.

முடிந்தால் இளம் போர்பனைத் தனியாகச் சுவைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் பீப்பாய் காணாத மக்காச்சோள விஸ்கி கொஞ்சம் வையுங்கள். ஊறுகாய் ஜாடி போன்ற புட்டியில் வரும் ஜார்ஜியா மூன் 30 நாளுக்கும் குறைந்த வயதுடையது. அதை லேபிளிலேயே சொல்லிவிடுவார்கள். மறுபக்கத்தில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று போட்ட போர்பன் ஒன்று. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டுகள் அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் இருந்து, சரியாக 50 சதவீதத்தில் அடைத்தது. எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் விலை மலிவு, அதுவே போதும். நடுவில் உங்கள் இளம் போர்பன். இந்த மூன்றையும் அடுத்தடுத்து முகர்ந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

முகர்தல்

ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். இளம் விஸ்கியில் முதலில் கிளம்பும் நெடி சற்று அடங்கட்டும். ஒயினைச் சுழற்றுவது போலச் சுழற்ற வேண்டாம், ஆல்கஹால்தான் பொங்கி வரும்.

கிளாஸை மார்புக்கு நேராகப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். எந்த உயரத்தில் மணம் முதலில் எட்டுகிறதோ அங்கேயே நிறுத்தி, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுவது குறையும். ஒரே மூச்சில் இழுக்காமல், சின்னச் சின்னதாக. பிறகு கிளாஸின் விளிம்பைச் சற்றுச் சாய்த்து மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தனித்தனியாக முகருங்கள். இரண்டிலும் வெவ்வேறு மணம் வரும்.

இனி, வருகிற மணத்தை அது வந்த இடத்தோடு சேர்க்க வேண்டும். சோளப்பொரி, வேகவைத்த மக்காச்சோளம், மாவின் பச்சை வாசனை, ஈர வைக்கோல் ஆகியவை தானியத்திலிருந்து வருபவை. கலவையில் ரை தானியம் அதிகமென்றால் புதினா, மிளகு, சோம்பு வகை மணங்கள் கிளம்பும். கோதுமை சேர்த்தது மென்மையாக, ரொட்டி மணத்தோடு இருக்கும். பச்சை ஆப்பிள், பேரிக்காய், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி, பசை வாடை எல்லாம் நொதித்தலிலும் வடித்தலிலும் பிறந்தவை. வெனிலா, எரித்த சர்க்கரை, தேங்காய், கிராம்பு, புகை, அப்போதுதான் அறுத்த மரத்தூள் ஆகியவை ஓக்கின் சொத்து. மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் தருகிறது, ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகிக் கருகுகிறது, தேங்காய் மணம் ஓக்கிலுள்ள லாக்டோன்களால், கிராம்பு மணம் யூஜினாலால். நம் சமையலறைக் கிராம்பில் இருப்பதும் அதே யூஜினால்தான்.

இளம் போர்பனில் வெனிலாவும் மரத்தூளும் சேர்ந்தே வரும். வெனிலா மட்டும் வந்து மரத்தூள் வராவிட்டால் பீப்பாய் நல்லது, காலமும் போதுமானது என்று அர்த்தம். மரத்தூள் மட்டும் மூக்கை அடைத்தால் சிறு பீப்பாயின் வேலை என்று ஊகிக்கலாம்.

மூக்கு மரத்துப்போனது போலிருந்தால் உங்கள் முழங்கையின் உட்பக்கத்தை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். காப்பிக் கொட்டையை முகரச் சொல்பவர்கள் உண்டு. அதுவே ஒரு புது மணம், எனக்கு அது தொந்தரவுதான்.

முதல் மிடறும் இரண்டாவதும்

முதல் மிடற்றை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வாயை ஆல்கஹாலுக்குப் பழக்குவதற்கு மட்டும். அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியோ துப்பியோ விடுங்கள். எரியும். எரியட்டும்.

இரண்டாவது மிடற்றை வாயில் வைத்து மெல்லுவது போல அசையுங்கள். ஜிம் பீம் ஆலையின் புக்கர் நோ பிரபலமாக்கிய இந்த முறையைக் 'கென்டக்கி சூ' (கென்டக்கி மெல்லல்) என்பார்கள். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் மணம், நேரே முகர்ந்தபோது பிடிபடாத பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இப்போது மூன்று கட்டங்களைக் கவனியுங்கள். நாக்கில் பட்டவுடன் என்ன? வாயில் வைத்திருக்கும்போது என்ன? விழுங்கிய பின் என்ன, எவ்வளவு நேரம்? இளம் போர்பனின் குணம் நடுக்கட்டத்தில்தான் வெளிப்படும். தொடக்கத்தில் இனிப்பு இருக்கும், முடிவில் மரத்தின் துவர்ப்பும் கார்ப்பும் இருக்கும். நடுவில் ஒன்றும் இல்லாமல் தண்ணீராகப் போய்விடும். அந்த வெற்றிடம்தான் காலத்தால் நிரம்ப வேண்டியது. பக்கத்துக் கிளாஸிலுள்ள நான்கு வயதுப் போர்பனை உடனே சுவைத்துப் பாருங்கள், அங்கே ஏதோ ஒன்று நிரம்பியிருப்பது தெரியும். நல்ல இளம் போர்பன் அந்த நடுவைத் தானியத்தால் நிரப்பும்: கஞ்சி போன்ற ஒரு வழவழப்பு, தேன், ரொட்டி. இப்படி ஒன்று கிடைத்தால், வடித்தவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பலாம்.

எரிச்சல் எங்கே என்றும் பாருங்கள். நெஞ்சில் கதகதப்பாக இறங்கினால் அது ஆல்கஹாலின் இயல்பு, அமெரிக்கர்கள் விரும்பியே தேடுவது. நாக்கின் நுனியிலும் தொண்டையின் மேற்புறத்திலும் கமறினால் சரக்கு கரடுமுரடாக இருக்கிறது.

தண்ணீர் கலப்பது

தண்ணீர் கலந்தால் அவமதிப்பு என்று நினைப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். புட்டியில் அடைக்கும்போது ஆலைக்காரரே பெரும்பாலும் தண்ணீர் சேர்த்துத்தான் அடைக்கிறார்.

கணக்கு எளிது. 60 சதவீதத்தில் 15 மில்லி இருக்கிறது என்றால், 3 மில்லி தண்ணீர் சேர்த்தால் சுமார் 50 சதவீதம். முழுதாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சேர்த்தால் 45. ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்தால் 40. ஒரேயடியாக ஊற்றாமல் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் முகர்ந்து சுவையுங்கள். 46 சதவீதத்தில் வாங்கியதற்குச் சில சொட்டுகளே போதும்.

2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி உருவகத்தால் இதைப் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவையகால் மூலக்கூறு, தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலின் அளவைக் குறைக்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே திரள்கிறது என்பது அவர்கள் கண்டது. தண்ணீர் விட்டதும் மணம் எழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இளம் போர்பனில் தண்ணீர் சோதனைக்கருவியும்கூட. ஆல்கஹாலின் எரிச்சல் விலகியதும், அது மறைத்து வைத்திருந்தவை வெளியே வந்துவிடும். நல்லதென்றால் மக்காச்சோள இனிப்பும் பழமும் வரும். கெட்டதென்றால் அதுவும் வரும்.

இளமையா, குறையா?

சுவைத்தலின் கடினமான இடம் இதுதான். மாவின் பச்சை வாசனை, புது மர வாடை, கொஞ்சம் கார்ப்பு ஆகியவை இளமையின் அடையாளங்கள். பீப்பாயில் இன்னும் இரண்டு கோடை கிடந்தால் தணிந்துவிடும். அவற்றுக்காக மதிப்பெண் குறைக்கலாம், குற்றம் சொல்லக் கூடாது.

வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவடியை மட்டும் எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைத்திறன். முதல்வடி அதிகம் கலந்துவிட்டால் நகப்பூச்சுத் திரவத்தின் நெடி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கடைவடி கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி, வியர்வைத் துணி, கெட்டுப்போன வெண்ணெய் போன்ற வாடைகள், விழுங்கிய பிறகு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்க் கசப்பு. தண்ணீர் விட்டதும் இவை கூடினால் சந்தேகமே வேண்டாம். இது வயதின் குறை அல்ல, வெட்டின் குறை. "இளம் சரக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால், கிளாஸில் ஒரு சொட்டு மட்டும் விட்டு மூடாமல் வைத்து மறுநாள் முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும். வெனிலாவும் எரித்த சர்க்கரையும் மிஞ்சியிருந்தால் பீப்பாய் நல்லது. சாம்பலும் மரத்தூளும் மட்டும் என்றால் நீங்கள் காசு கொடுத்தது நிறத்துக்குத்தான்.

புட்டி திறந்த அன்றைக்கே இறுதித் தீர்ப்பும் வேண்டாம். ஒரு கால்பங்கு குறைந்து, உள்ளே காற்று புகுந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு இன்னொரு முறை பாருங்கள். இளம் போர்பன் இதில் குறிப்பிடத்தக்க அளவு மாறும். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் காக்டெயிலாக்கிவிடுங்கள்: சர்க்கரையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் சேர்த்து ஓல்ட் ஃபேஷன்டு, அல்லது எலுமிச்சை பிழிந்து விஸ்கி சவர். கார்ப்பான இளம் சரக்கு இவற்றில் முதிர்ந்ததைவிட நன்றாக நிற்கும். விலையுயர்ந்த பத்து வயதுப் போர்பனை எலுமிச்சையில் கரைப்பதுதான் பாவம்.

பிடித்திருந்தால் அந்த ஆலையின் பெயரைக் குறித்து வையுங்கள். சிறு பீப்பாயில் தொடங்கிய பலர் இப்போது 53 கேலனுக்கு மாறி, நான்கு வயதுச் சரக்கை வெளியிடத் தொடங்கிவிட்டார்கள். கென்டக்கியின் நியூபோர்ட்டில் 2014-இல் தொடங்கிய நியூ ரிஃப், வாங்கிய சரக்கை வேறு பெயரில் விற்றுக் காலம் தள்ளி, தன் சொந்தப் போர்பனை நான்கு ஆண்டுகள் காத்திருந்து 2018-இல்தான் வெளியிட்டது. உங்களுக்குப் பிடித்த ஆலையும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், இரண்டு வயதையும் நான்கு வயதையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். அந்த நடுக்கட்டத்தை மட்டும் கவனித்துச் சுவைத்துப் பாருங்கள்.